எந்த வழக்கு எந்த மன்றில்?

கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் விடியுமுன் புறப்படும் ஜீப்புகள் கம்பம்மெட்டு, போடிமெட்டு மலைவழிகளில் ஏறி, இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களை அடைகின்றன. வீடு தமிழ்நாட்டில், வேலையும், சிலருக்கு நிலமும், கேரளத்தில். இத்தகைய குடும்பத்தில் நிலத்தகராறு எழுந்தால் வழக்கை எங்கே தொடுப்பது?

நிலம் எங்குள்ளதோ அவ்விடத்து நீதிமன்றத்திலேயே என்பது 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம் கூறும் பொதுவிதி. வழக்காடும் இருவரும் போடியில் அடுத்தடுத்த வீட்டினராயினும், உடும்பன்சோலை வட்டத்து ஏலக்காட்டின் உரிமையைக் கேரள நீதிமன்றமே தீர்க்கவேண்டும். கைமாற்றுக் கடன் அவ்வாறன்று. கடன் பெற்றவர் வசிக்கும் இடத்திலோ, கொடுக்கல் வாங்கல் நடந்த இடத்திலோ அதற்கு வழக்குத் தொடுக்கலாம்.

இடம் தெளிந்தபின் படிநிலை பார்க்கப்படும். விசாரிக்கத் தகுதியுள்ள நீதிமன்றங்களுள் கீழ்ப்படியில் உள்ளதையே முதலில் அணுகவேண்டும். கேரளத்தில் பத்து இலட்சம் ரூபாய் வரையிலான வழக்குகள் முன்சீப் நீதிமன்றத்திற்கும், அதற்கு மேற்பட்டவை சார்பு நீதிமன்றத்திற்கும் உரியன. 2013 வரை முன்சீப்பின் வரம்பு ஒரு இலட்சமாகவே இருந்தது. நிலவிலை ஏறிய காலத்தில், ஒரு சிறு துண்டு நிலத்திற்கும் மேல்நீதிமன்றத்தை நாடவேண்டியிருந்த நிலை அதனால் மாறிற்று. இடுக்கியின் மாவட்ட நீதிமன்றம் தொடுபுழாப் பகுதியில் உள்ளது. மூணாறு மலையிலிருந்து அங்குச் சென்றுவர ஒரு நாள் கூலியை இழக்க நேரிடும்.

தவறான நீதிமன்றத்தில் தாக்கல் செய்த வழக்கு அதனாலேயே தோற்றுவிடுவதில்லை. உரிய நீதிமன்றத்தில் கொடுக்குமாறு மனு திருப்பித் தரப்படும். நல்லெண்ணத்துடன் அங்கே கழித்த காலமும் காலவரம்புக் கணக்கில் கழித்துக்கொள்ளப்படும்.

குற்ற வழக்கில் அளவுகோல் பணமன்று; தண்டனை. முதல்வகுப்பு நீதித்துறை நடுவர் மூன்றாண்டுச் சிறை வரை விதிக்கலாம். தலைமை நீதித்துறை நடுவர் ஏழாண்டு வரை. அமர்வு நீதிமன்றம் சட்டம் அனுமதிக்கும் எத்தண்டனையையும் விதிக்கலாம். எனினும் மரணதண்டனையை உயர்நீதிமன்றம் உறுதி செய்தாலன்றி நிறைவேற்ற இயலாது. கொலை வழக்கும் முதலில் நடுவர் முன்பே வருகிறது. அவர் அதனை அமர்வு நீதிமன்றத்திற்கு ஒப்படைக்கிறார். கோயம்புத்தூரிலிருந்து வாளையாறு வழியாகப் பாலக்காடு செல்லும் பேருந்தில் பயணியின் பணப்பை திருடுபோனால்? பயணத்தில் நடந்த குற்றத்தை, அப்பயணம் கடந்த எப்பகுதியின் நீதிமன்றமும் விசாரிக்கலாம். களவு எல்லைக்கு இப்பாலா அப்பாலா என்று அறியாமல் எவரும் அலையவேண்டியதில்லை.

எந்தப் படியிலாயினும், சாட்சியம் குற்றஞ்சாட்டப்பட்டவர் அறியாத மொழியில் அமைந்தால், அவர் அறிந்த மொழியில் அதனைத் திறந்த மன்றில் விளக்கவேண்டும். மலையாளம் அறியாத தமிழ்த் தொழிலாளி இதனைக் கேட்டுப் பெறலாம். இது சலுகையன்று, சட்டம்.

உயர்நீதிமன்றம் மேல்முறையீட்டிற்கு மட்டுமே உரியது என எண்ணுதல் பிழை. சட்டமன்றத் தேர்தலை எதிர்க்கும் மனுவை முதன்முதலாக விசாரிப்பதும் அதுவே. 2021இல் தேவிகுளம் தனித்தொகுதியில் வென்றவர், தமிழகத்திலிருந்து தேயிலைத் தோட்டத்திற்குக் குடியேறிய குடும்பத்தினர். பட்டியலினத்தாருக்கான 1950ஆம் ஆண்டு ஆணை வந்தபோதே அவர் முன்னோர் திருவிதாங்கூரில் குடியிருந்தனரா என்பது வழக்கில் எழுந்த வினாக்களுள் ஒன்று. 2023 மார்ச்சில் கேரள உயர்நீதிமன்றம் அத்தேர்தலைச் செல்லாதென்றது. 2025 மே மாதம் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கி, தேர்தல் செல்லும் என்றது.

அருஞ்சொற்கள்: மன்று – நீதிமன்றம், நடுவர் – குற்ற வழக்கை விசாரிக்கும் நீதிபதி, தனித்தொகுதி – பட்டியலினத்தவருக்கோ பழங்குடியினருக்கோ ஒதுக்கப்பட்ட தொகுதி.

சிந்தித்து எழுதுக:
1. பீருமேட்டிலுள்ள எட்டு இலட்சம் ரூபாய் மதிப்புள்ள நிலத்திற்காகக் கம்பத்தில் வாழும் இருவர் வழக்காடுகின்றனர். எவ்வகை நீதிமன்றம் அதற்கு உரியது? ஏன்?
2. கொலை வழக்கை நடுவரே முடிக்க இயலாதது எதனால்?