ஒரு கிலோ பட்டு நூலும் விண்வெளித் தூரமும்



ஆரணியில் தறிச் சத்தம் கேட்டே வளர்ந்தவன் நான். விண்வெளித் தூரங்களைப் படித்தபோது சைபர்கள்தான் தெரிந்தன, தூரம் புரியவில்லை. சரி, எங்கள் வீட்டுப் பட்டு நூலாலேயே அளந்து பார்ப்போம் என்று உட்கார்ந்தேன்.

டெனியர் என்பது 9,000 மீட்டர் நூலின் கிராம் எடை. 20/22 டெனியர் பட்டு இழை என்றால் சுமார் 21 கிராம். அப்படியானால் ஒரு கிலோவில் சுமார் 428 கி.மீ. இழை!

2025 ஜூனில் சுபான்ஷு சுக்லா சென்ற சர்வதேச விண்வெளி நிலையம் சுமார் 400 கி.மீ. உயரத்தில் உள்ளது. ஒரு கிலோ போதும். சந்திரன் 3,84,400 கி.மீ.; 900 கிலோ வேண்டும். 24.9.2014 அன்று மங்கள்யான் செவ்வாயை அடைந்தபோது இடைத்தூரம் 22 கோடி கி.மீ.க்கு மேல், 500 டன்னும் பத்தாது. சூரியனுக்கு அடுத்த நட்சத்திரம் பிராக்சிமா செண்டாரி 4.24 ஒளியாண்டு, 9 கோடி டன்! 2023-24இல் இந்தியாவே உற்பத்தி செய்த கச்சாப் பட்டு 39 ஆயிரம் டன்னுக்குள்தான்.

அப்பாவிடம் சொன்னேன். தறியிலிருந்து தலை நிமிராமலே கேட்டார்: "அவ்ளோ தூரத்துல இழை அறுந்தா யாருடா முடி போடறது?"

அங்கேதான் விஷயமே இருக்கிறது. மங்கள்யானின் சிக்னல் பூமிக்கு வர அன்று 12 நிமிடத்துக்கு மேல் ஆனது. சுமார் 300 நாள் தூங்கிய பிரதான எஞ்சினை 22ஆம் தேதி 4 வினாடி மட்டும் இயக்கிச் சோதித்தார்கள். 24ஆம் தேதி, முன்கூட்டியே ஏற்றிவைத்த கட்டளைகளின்படி, அது தானாகவே சுமார் 23 நிமிடம் எரிந்தது. இங்கிருந்து யாரும் கைகொடுக்க முடியாது.

மனிதன் போனால்? போகவே ஆறு முதல் ஒன்பது மாதம். திரும்ப, கோள்கள் வாகாக அமையும்வரை காத்திருக்க வேண்டும். மொத்தம் ஏறக்குறைய மூன்று வருடம். செவ்வாய் வெகுதூரத்தில் இருக்கும்போது "வயிறு வலிக்குது டாக்டர்" என்றால், பதில் வர முக்கால் மணி நேரம் ஆகும். சாப்பாடு, மருந்து, ஸ்பேர் பார்ட்ஸ் எல்லாம் கையோடு கொண்டுபோக வேண்டும். பழுது பார்க்கத் தெரிந்த கையும்தான்!

23.8.2023 அன்று சந்திரனில் இறங்கிய சந்திரயான்-3இன் திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் நமக்குப் பக்கத்து விழுப்புரத்துக்காரர். நம்மைப் போல டிப்ளமோ மெக்கானிக்கலில் தொடங்கியவர்.

நானோ ஒர்க்‌ஷாப் ரெக்கார்டைப் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதியவன். அப்பாவின் கேள்விக்குப் பிறகு லேத் முன்னால் நானே நிற்கிறேன். நீங்களும் வாருங்கள், நண்பர்களே! இழை அறுந்தால் முடி போடப்போவது நாம்தான்.