கடை வண்டி இன்ஜினில் புதுச் சத்தமா? பிரிக்கும் முன் பார்க்க வேண்டியவை



தராசைத் தினமும் துடைத்து வைக்கிறோம். இரவு கடை அடைக்குமுன் கல்லாவை எண்ணுகிறோம். ஆனால் மண்டியிலிருந்து சரக்கு கொண்டுவரும் வண்டியை மட்டும், அது நடுவழியில் நிற்கும் வரை திரும்பிப் பார்ப்பதில்லை. 1986-இல் டாடா 407-உம், 2005-இல் டாடா ஏஸும் வந்த பிறகு, சொந்த லோடு வண்டி வைத்திருக்கும் சிறு வணிகர்கள் பெருகினார்கள். அவற்றில் பல இன்று பத்துப் பதினைந்து வயதைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கின்றன. வயதான வண்டி சத்தம் போடுவது இயல்பு. அதில் எது பழைய சத்தம், எது புதுச் சத்தம் என்று பிரித்து அறிவதில்தான் நம் பணம் இருக்கிறது.

இதை நாங்கள் கற்றுக்கொண்டது இரண்டு அனுபவங்களில்.

எங்கள் மளிகைக் கடையின் பழைய டீசல் வண்டியில் ஒருமுறை கரகரவென்று சத்தம் வந்தது. காட்டிய இடத்தில், "இன்ஜினை இறக்கித்தான் பார்க்கணும்" என்றார்கள். மனசு கேட்காமல் வயதான ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனோம். அவர் ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, இன்ஜினை அரை நிமிடம் ஓட்டினார். சத்தம் இல்லை. தேய்ந்திருந்தது டைனமோ பேரிங் மட்டுமே. அன்று மாலையே வண்டி லோடுக்குப் போனது.

மறு ஆண்டு தீபாவளிக்கு முந்தைய வாரம், விருதுநகரில் பருப்பு ஏற்றிக்கொண்டு கோவில்பட்டி வரும் வழியில், சாத்தூரிலிருந்து டிரைவர் போன் செய்தார். "அண்ணாச்சி, இன்ஜினுக்குள்ள டொக்கு டொக்குன்னு ஒரு சத்தம் கேக்கு. ஆயில் லைட்டும் விட்டு விட்டு எரியுது" என்றார். போன ஆண்டு நினைப்பில், "பெல்ட் பக்கமா இருக்கும்ப்பா. யாவாரம் நேரம், பையப் பாத்து வந்துரு" என்று சொல்லிவிட்டோம். கோவில்பட்டி வந்து சேரவில்லை. கனெக்டிங் ராடு முறிந்து, இன்ஜின் பிளாக்கைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. சாத்தூரிலேயே நிறுத்தியிருந்தால் பேரிங் செட்டும், கிராங்க் கிரைண்டிங்கும் செய்து தப்பித்திருப்போம். வேறு இன்ஜின் வாங்க வேண்டியதாயிற்று; தீபாவளி வியாபாரமும் போயிற்று. டிரைவர் சரியாகத்தான் சொன்னார். நாங்கள்தான் சரியாகக் கேட்கவில்லை.

ஆகவே புதுச் சத்தம் கேட்டால் முதல் கேள்வி, "என்ன கோளாறு?" என்பதல்ல, "வண்டியை ஓட்டலாமா, கூடாதா?" என்பதே.

உடனே நிறுத்த வேண்டியவை

இன்ஜினின் அடிப்பாகத்திலிருந்து கனமான தட்டல் வந்து, ஆக்சிலேட்டரை மிதிக்கும்போதும் விடும்போதும் அது மாறினால், கனெக்டிங் ராடு பேரிங் தேய்ந்திருக்கலாம். கிராங்கிற்கும் பேரிங்கிற்கும் நடுவே மெல்லிய ஆயில் படலம் இருக்கும். பேரிங் தேய்ந்தால் இடைவெளி கூடி, ஆயில் அழுத்தம் இறங்கும். படலம் அறுந்ததும் உலோகத்தோடு உலோகம் உரசி, சூடேறி, பேரிங் உருகும்.

தட்டலுடன் ஆயில் லைட்டும் எரிந்தால் அடுத்த ஊர் வரை கூட ஓட்டக் கூடாது. லைட் எரியாவிட்டாலும், கனமான தட்டல் தொடர்ந்தால் வண்டியைக் கட்டி இழுத்து வருவதே லாபம். சத்தமே இல்லாமல் ஆயில் லைட் மட்டும் எரிந்தாலும் இன்ஜினை நிறுத்துங்கள். சமதளத்தில் சில நிமிடம் விட்டு, ஆயில் அளவுக் கம்பியைத் துடைத்துப் பாருங்கள். குறைந்திருந்தால் ஆயில் ஊற்றிய பின் லைட் அணைகிறதா, தட்டல் இல்லையா என்று பார்த்த பிறகே அருகிலுள்ள ஒர்க்ஷாப் வரை செல்லலாம். டெம்பரேச்சர் முள் மேலே ஏறினாலும் இதே போல உடனே நிறுத்த வேண்டும்.

டிரைவரிடம் கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

1. காலையில் மட்டும் கேட்கிறதா, சூடான பிறகும் கேட்கிறதா? காலையில் கேட்டு, சூடானதும் மறைந்தால் பிஸ்டன் தேய்மானமாக இருக்கலாம். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கட்டில் புகை கசிவதாகவும் இருக்கலாம்.

2. நின்ற இடத்தில் ரேஸ் கொடுத்தால் கேட்கிறதா? கேட்டால் இன்ஜின் பக்கம். வண்டி உருளும்போது மட்டும் கேட்டு, நியூட்ரலிலும் வேகத்திற்கேற்பத் தொடர்ந்தால் வீல் பேரிங், யு.ஜே. கிராஸ், கிரவுன் பக்கம் பார்க்க வேண்டும். கிளம்பும்போது மட்டும் "ணங்" என்றால் யு.ஜே. கிராஸ் மீது சந்தேகம் கொள்ளலாம். இவற்றுக்கு இன்ஜினைத் தொடவே தேவையில்லை.

3. கிளட்சை மிதித்தால் மாறுகிறதா? மிதிக்கும்போது வந்தால் கிளட்ச் ரிலீஸ் பேரிங். நியூட்ரலில் கேட்ட சத்தம், மிதித்ததும் நின்றால் கியர்பாக்ஸின் முன் பேரிங்.

4. லோடு இல்லாதபோதும் இருக்கிறதா? மேடு ஏறும்போது, லோடோடு மட்டும் கூடினால் அலட்சியம் கூடாது.

நம் கையாலேயே செய்யும் சோதனைகள்

முதலில் ஒரு எச்சரிக்கை. வேட்டி நுனி, தோள் துண்டு, தொங்கும் சட்டைக் கை எதுவும் ஃபேனுக்கும் பெல்ட்டுக்கும் அருகில் போகக் கூடாது. கழற்றுவது, மாட்டுவது எல்லாம் இன்ஜினை நிறுத்திய பிறகே.

கண் சோதனை: சைலன்சர் கிளாம்ப், ஏர் ஃபில்டர் மூடி, டைனமோ பிராக்கெட், இன்ஜின் மவுண்டிங் ரப்பர் ஆகியவற்றை ஆட்டிப் பாருங்கள். லூசான ஒரு போல்ட் இன்ஜினே போய்விட்டது போலச் சத்தம் போடும்.

தண்ணீர் சோதனை: பெல்ட் "கீச்" என்று கத்தினால் அதன் மேல் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். சத்தம் சிறிது நேரம் நின்றாலோ மாறினாலோ பெல்ட் தேய்ந்திருக்கும் அல்லது தளர்ந்திருக்கும்.

பெல்ட் சோதனை: வெளியே ஓடும் ஃபேன் பெல்ட்டை மட்டும் கழற்றி, அரை நிமிடம் ஓட விடுங்கள். சத்தம் போய்விட்டால் கோளாறு டைனமோவிலோ, வாட்டர் பம்ப்பிலோ, ஃபேனிலோ. பெல்ட் இல்லாமல் வண்டியைச் சாலையில் ஓட்டவே கூடாது. வாட்டர் பம்ப் ஓடாமல் இன்ஜின் சூடாகும். பல டீசல் வண்டிகளில் பிரேக்கிற்கு உதவும் வேக்கூம் பம்ப்பும் டைனமோவோடு சேர்ந்தே இருப்பதால் பிரேக் கல்லுப் போலாகிவிடும்.

திருப்புளி சோதனை: நீளமான திருப்புளியின் முனையைச் சுழலாத பாகத்தில் ஊன்றி, பிடியைக் காதருகே வையுங்கள். டைனமோ, வாட்டர் பம்ப், வால்வு மூடி, ஆயில் சேம்பர் என்று ஒவ்வொன்றாக வைத்துக் கேட்டால் சத்தம் எங்கே அதிகம் என்பது தெரிந்துவிடும்.

மெக்கானிக்கிடம் விட வேண்டியவை

இன்ஜின் மேல்புறத்தில் தையல் மிஷின் போல "டிக் டிக்" என்று வருவது பெரும்பாலும் டாப்பெட். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் ஒரு வால்வு ஒருமுறைதான் திறக்கும். அதனால் அந்தச் சத்தம் இன்ஜின் வேகத்தில் பாதியாகவே கேட்கும். ஃபீலர் கேஜ் வைத்து இடைவெளி சரிசெய்தால் பல வண்டிகளில் தீர்ந்துவிடும்.

கூர்மையான டீசல் தட்டலும் கரும்புகையும் சேர்ந்து வந்தால் நாசிலைச் சந்தேகிக்கலாம். பழைய பம்ப் வண்டிகளில் ஐடிலில் ஒவ்வொரு நாசில் பைப் நட்டாகச் சற்றுத் தளர்த்திப் பார்ப்பார்கள். எந்த சிலிண்டரில் தட்டல் நிற்கிறதோ, கோளாறு அங்கே. ஆனால் காமன் ரெயில் வண்டிகளில் இதை ஒருபோதும் செய்யக் கூடாது. அங்கே டீசல் ஆயிரம் பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில் இருக்கும்; பீறிட்டால் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அத்தகைய வண்டிகளுக்குக் கம்ப்யூட்டர் ஸ்கேனர் உள்ள இடமே சரி.

பேரிங் சந்தேகம் இருந்தால், இன்ஜினை இறக்குமுன் ஆயிலை வெள்ளைத் துணியில் வடித்துக் காட்டச் சொல்லுங்கள். மினுமினுப்பான துகள் இருந்தால் காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு. ஒட்டாமல் மின்னினால் அது பேரிங் உலோகமாக இருக்கக்கூடும். ஆயில் பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ஆயில் பிரஷர் கேஜ் மாட்டி அழுத்தத்தையும் அளக்கச் சொல்லுங்கள்.

ஒர்க்ஷாப்பில் பேசும் முறை

"சத்தம் வருது, பாருங்க" என்று சாவியைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். சத்தம் எப்போது வருகிறது, எப்போது நிற்கிறது என்பதைச் சொல்லுங்கள். டிரைவரையும் கூட அழைத்துச் செல்லுங்கள். தினமும் அந்தச் சத்தத்தோடு இருப்பவர் அவர்தான். செல்போனில் சத்தத்தைப் பதிவு செய்து வைத்தால், ஒர்க்ஷாப்பில் சத்தம் வராதபோது உதவும். இன்ஜினைப் பிரிக்கச் சம்மதிக்குமுன், "எந்தச் சோதனையில் இது தெரிந்தது?" என்று மரியாதையாகக் கேளுங்கள். நல்ல மெக்கானிக் கோபப்பட மாட்டார். மாற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

இப்போது எங்கள் கடையில் ஒரு சிறு நோட்டு இருக்கிறது. ஆயில் மாற்றிய தேதி, கிலோமீட்டர், டிரைவர் சொன்ன குறை ஆகியவற்றை அன்றன்றே எழுதுகிறோம். இன்னொரு வழக்கமும் வைத்திருக்கிறோம். ஆயில் லைட் எரிந்தாலோ, இன்ஜினுக்குள் தட்டினாலோ, எங்களைக் கேட்காமலே வண்டியை நிறுத்திவிட டிரைவருக்கு முழு அனுமதி உண்டு. சரக்கு ஒரு நாள் தாமதமாகலாம். அதற்காக அவரை ஒரு வார்த்தை கூடச் சொல்வதில்லை. அந்த அனுமதியை உங்கள் டிரைவருக்கும் இன்றே கொடுத்துவிடுங்கள்.