தாம்பரத்தில் வீடு, தோஹாவில் வேலை

கேள்வி: குடும்பத்தோடு கத்தார் வந்துவிட்டோம். தாம்பரம் வீட்டை வாடகைக்கு விடலாமா? அண்ணன் பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார்.
- வாசகர், தோஹா

பதில்: தாராளமாக விடுங்கள். பூட்டிக் கிடந்தால் குழாயில் துரு ஏறும், ஜன்னல் கட்டையில் கரையான் ஏறும். அண்ணனுக்கு வாய்வார்த்தை போதாது. பவர் பத்திரம் கொடுங்கள். தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று அனுப்பினால், அது இந்தியா வந்த 3 மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். ஒப்பந்தம் எழுத்தில் இருக்கட்டும். தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டப்படி பதிவும் செய்யுங்கள். வாடகை, வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்.ஆர்.ஓ. வங்கிக் கணக்குக்கு வரட்டும். பலர் சறுக்குவது வரியில்தான். வெளிநாட்டில் வசிப்பவருக்கு வாடகை தருபவர் 31.2 சதவீதம் வரி பிடித்துக் கட்ட வேண்டும். 25,000 ரூபாய் வாடகையில் 7,800 போய்விடும். கூடுதலாகப் பிடித்ததை, வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம். குடிவருபவரிடம் அட்வான்ஸ் வாங்கும் முன்பே இதைச் சொல்லிவிடுங்கள்.