எண் பிறகு வரட்டும், முதலில் பெயர்

அன்புள்ள தங்கச்சிக்கு,

லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் உங்கள் சங்கத்துக்கு வந்து குவிந்த தமிழ்ப் புத்தகங்களை அடுக்கப்போவதாகவும், அதற்காக டூயி வகைப்பாட்டு எண்களைப் பாடமாக்குவதாகவும் எழுதியிருந்தீர். பாடமாக்க வேண்டாம். அட்டவணை எங்கும் ஓடிவிடாது, வேண்டும்போது பார்த்துக்கொள்ளலாம்.

தமிழ் இலக்கியத்துக்கு டூயி முறையில் 894.811. கவிதைக்கு 1, நாடகத்துக்கு 2, புனைகதைக்கு 3 சேர்த்தால் நாவலுக்கு 894.8113. ஆங்கில இலக்கியத்துக்கு 820 முதல் 829 வரை முழு வீதி, நமக்குப் புள்ளிக்குப் பின்னால் ஒரு மூலை. 1876இல் அமெரிக்காவில் வந்த திட்டம் அது; கோபித்து ஆகப்போவதில்லை. அலமாரி முழுக்கத் தமிழ் என்றால் ஒவ்வொரு முதுகிலும் 894.811 ஒட்டுவது வீண்வேலை என்பதே என் எண்ணம். நாவல், கவிதை, சிறுவர் என்று பிரித்து, ஆசிரியர் பெயரின் முதல் மூன்றெழுத்தை எழுதும். போதும்.

வகைப்படுத்தும் மூளை வேண்டுமென்றால் எஸ்.ஆர். ரங்கநாதனைப் படியும். சென்னைப் பிரெசிடென்சி கல்லூரியில் கணக்குப் படிப்பித்தவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். அதே ஆண்டு லண்டன் வந்து யூனிவர்சிட்டி காலேஜில் பயின்றார். ஆசிரியர் பெர்விக் சேயர்ஸ், குரொய்டன் நூலகத் தலைவர். செல்ஃப்ரிட்ஜஸ் கடையில் மெக்கானோ விளையாட்டுச் சாமானைப் பார்த்தபோதுதான் ரங்கநாதனுக்குக் கோலன் பகுப்பு என்ற தன் வகைப்பாட்டு முறைக்கான யோசனை பிறந்தது என்பார்கள். அந்தக் கடைக்கு ஃபாரஸ்ட் கேட்டில் எலிசபெத் லைன் ஏறினால் பாண்ட் ஸ்ட்ரீட்டில் இறங்கலாம். மெக்கானோவில் அதே பட்டைகளையும் ஆணிகளையும் மாற்றிப் பூட்டினால் வேறு பொருள் வருகிறது அல்லவா? புத்தகத்தின் பொருளையும் அப்படித் துண்டுதுண்டாகப் பிரித்து, பிறகு பூட்டலாம் என்றார். கோலன் பகுப்பு 1933இல் அச்சானது. அதில் இலக்கியத்துக்கு O, தமிழுக்கு 31. அந்த முறை இன்று அதிகம் புழங்கவில்லை. ஆனால் எண் தேடுமுன் 'எதைப் பற்றி, எந்த இடம், எந்தக் காலம்' என்று கேட்கும் பழக்கத்தை அவரிடம்தான் கற்க வேண்டும்.

உண்மையான தலையிடி பெயரில்தான். ரங்கநாதன் பெயரையே பாரும். எஸ் என்பது ஊர், சீர்காழி, ஆர் என்பது தகப்பன், ராமாமிர்தம், மூன்றாவதுதான் அவர். கடைசிச் சொல்லின் கீழ்ப் பதியும் ஆங்கில வழக்கம் இவருக்குத் தற்செயலாகப் பொருந்திவிடும். இங்கே பிறந்து, தன் பெயரை முன்னால் போட்டுத் தகப்பன் பெயரைக் கடைசியில் எழுதும் பிள்ளைக்குப் பொருந்தாது. எழுத்தாளர் எஸ்.பொ. இன்னும் சிக்கல். ஒரு புத்தகத்தில் எஸ்.பொ., இன்னொன்றில் எஸ். பொன்னுத்துரை. இரண்டையும் தனித்தனியே பதிந்தால் ஒரே ஆள் இரண்டு தட்டில் இருப்பார். கல்கி என்று தேடினால் ரா. கிருஷ்ணமூர்த்தியும் வருவார், 1941இல் தொடங்கிய பத்திரிகையும் வரும், விஷ்ணுவின் அவதாரமும் வரும். ஒரு பெயரைத் தலைப்பாக எடுத்து, மற்றவற்றிலிருந்து 'இங்கே பார்க்க' என்று வழிகாட்டும். அந்த முடிவுகளை ஒரு கொப்பியில் எழுதி வையும். உமக்குப் பிறகு வருபவருக்கு அந்தக் கொப்பிதான் சொத்து.

ஆங்கில எழுத்தில் பதிவதானால் பெரிய நூலகங்களின் ஒலிபெயர்ப்பு முறையில் ழகரம் எல்லின் கீழே கோடு, ளகரம் எல்லின் கீழே புள்ளி. வாசகரோ யாழ்ப்பாணத்துக்கு இசட்டும் எச்சும் போட்டுத் தேடுவார். ஆகவே தமிழ் எழுத்திலும் பதியும், மக்கள் எழுதும் விதத்தையும் சேரும்.

விவரத்தை அட்டையிலிருந்து எடுக்காதேயும். தலைப்புப் பக்கத்திலும் அதன் பின்பக்கத்திலும் பாரும். திருவள்ளுவர் ஆண்டு மட்டும் இருந்தால் 31ஐக் கழியும்: 2055 என்றால் 2024. பிரபவ, விபவ என்று வருடப் பெயர் மட்டும் இருந்தால், அது 60 ஆண்டுக்கொருமுறை திரும்பும். அச்சகத்தையும் முன்னுரையையும் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும். தேவாரத்தைக் கவிதையில் வைப்பதா, 294.5இல் இந்து சமயத்தில் வைப்பதா என்று கேட்டிருந்தீர். கோயிலுக்குப் போகும் வழியில் வந்து தேடுபவர்தான் அதிகம் என்றால் சமயத்தில் வையும். எங்கே வைத்தாலும் எல்லாப் பதிப்பும் ஒரே இடத்தில் இருக்கட்டும்.

ஒன்று கேட்கிறேன். புத்தகப் பெட்டிகளோடு நினைவு மலர்களும் வரும். செத்தவீட்டுக்குப் பிறகு 31ஆம் நாளில் கொடுக்கும் கல்வெட்டுகள். ஐஎஸ்பிஎன் இல்லை, விலை இல்லை என்று எறிந்துவிடாதேயும். ஊர், பிறந்த ஆண்டு, உறவுமுறை, படித்த பள்ளிக்கூடம் எல்லாம் வேறெங்கும் அச்சாகாதவை. 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்ற இணையத் திட்டம் இவற்றையும் சேர்க்கிறது. இறந்தவர் பெயரின் கீழும் ஊரின் கீழும் பதியும். நயினாதீவு என்று தேடி வரும் பேரப்பிள்ளைக்குக் கிடைக்கட்டும்.

அன்புடன்,
ஒரு பழைய நூலகர்