நீளும் நாள்

நுழையும்முன்

ஒரு நாளுக்கு எத்தனை மணி நேரம் என்று கேட்டால், இருபத்து நான்கு என்று உடனே விடை கூறுவோம். அவ்விடை எல்லாக் காலத்துக்கும் பொருந்துவதன்று. புவியின் தற்சுழற்சி சிறிது சிறிதாகத் தளர்ந்து வருகிறது. அதனால் நாளின் நீளம் கூடி வருகிறது. ஒருவர் தம் வாழ்நாளில் உணர இயலாத இம்மாற்றத்தை மனித இனம் எவ்வாறு கண்டறிந்தது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

கூடுதுறையும் அமாவாசையும்

ஈரோடு மாவட்டம் பவானியில் காவிரியும் பவானியாறும் கலக்கின்றன. கண்ணுக்குப் புலப்படாத அமுத நதியும் இங்கு வந்து சேர்வதாக மக்கள் நம்புகின்றனர். சங்கமேசுவரர் கோயிலை ஒட்டிய கூடுதுறையில், ஆடி அமாவாசையன்று முன்னோர்க்கு நீர்க்கடன் ஆற்றப் பெருந்திரளாக மக்கள் கூடுகின்றனர். அமாவாசையன்று புவிக்கும் கதிரவனுக்கும் இடைப்பட்ட திசையில் நிலவு அமைகிறது. இரண்டின் ஈர்ப்பும் ஒருங்கே சேர்வதால், கூடுதுறை நீர் சென்றடையும் பூம்புகார்க் கடலில் அந்நாளையொட்டி ஓதம் மிகுந்து எழுகிறது. நாளை நீளச் செய்வதில் முதன்மைக் காரணம் இந்த ஓதமே.

பழந்தமிழர் ஒரு நாளை அறுபது நாழிகைகளாகப் பகுத்தனர். ஒரு நாழிகை என்பது இன்றைய 24 நிமிடம். நாழிகை வட்டிலில் நீரை அளவிட்டுப் பொழுது அறிவித்த நாழிகைக் கணக்கரை முல்லைப்பாட்டு காட்டுகிறது. நாழிகையாயினும் மணியாயினும் அவை நாளைப் பகுத்துப் பெற்ற அளவுகளே. அளக்கும் படியே மெல்லப் பெரிதானால் அதைக் கொண்டு அளப்பவர் வேறுபாட்டை எங்ஙனம் அறிவர்? நாளின் நீட்சி நெடுங்காலம் மறைந்திருந்ததற்கு இதுவே காரணம்.

ஓதமும் உராய்வும்

நிலவின் ஈர்ப்பால் கடல்நீர், நிலவை நோக்கிய பக்கத்திலும் அதற்கு எதிர்ப்பக்கத்திலும் புடைத்து எழுகிறது. நிலவு புவியை ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ 27 நாள்கள் ஆகின்றன. புவியோ ஒரே நாளில் தன்னைத்தானே சுற்றிவிடுகிறது. விரைந்து சுழலும் புவி, நீர்ப்புடைப்பை நிலவுக்கு நேராக நிற்கவிடாமல் சற்று முன்னே தள்ளிச் செல்கிறது. நிலவு அதனைப் பின்னோக்கி இழுக்கிறது. இந்த இழுபறியில் ஆழம் குறைந்த கடற்பகுதிகளில் நீர் தரையோடு உராய்ந்து ஆற்றலை இழக்கிறது. சுழலும் சக்கரத்தின் விளிம்பில் விரலை மெல்ல வைத்தால் அதன் வேகம் தணிவதுபோல, புவியின் சுழற்சியும் தணிகிறது. இக்கருத்தை செருமானிய மெய்யியலாளர் இம்மானுவேல் காண்ட் 1754ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்தார்.

புவி இழக்கும் சுழற்சி எங்கே செல்கிறது? கோண உந்த அழிவின்மை விதிப்படி அது நிலவைச் சென்றடைகிறது. அதனால் நிலவு ஆண்டுதோறும் 3.8 செ.மீ. அளவு புவியைவிட்டு விலகிச் செல்கிறது. 1969இல் அப்பல்லோ 11 விண்வெளி வீரர்கள் நிலவில் வைத்துவந்த எதிரொளிப்பானை நோக்கி லேசர் கதிரைச் செலுத்தி, அது திரும்பிவரும் நேரத்தைக் கொண்டு இவ்விலகல் அளக்கப்படுகிறது.

கிரகணம் தந்த சான்று

2019 டிசம்பர் 26 அன்று காலையில் கோவை, ஈரோடு, கரூர் பகுதி மக்கள் வளையச் சூரிய கிரகணத்தைக் கண்டனர். அது எவ்வூரில், எந்நேரத்தில் தெரியும் என்பது முன்னரே கணித்து அறிவிக்கப்பட்டிருந்தது. அக்கணக்கைப் பின்னோக்கிச் செலுத்திப் பழங்காலக் கிரகணங்களையும் அறியலாம். அவ்வாறு செய்தபோதுதான் ஓர் இடர் எழுந்தது.

பாபிலோன் நகரில் கி.மு. 136 ஏப்ரல் 15 அன்று முழுச் சூரிய கிரகணம் தோன்றியதை அந்நகர வானியலாளர் களிமண் பலகைகளில் பொறித்துள்ளனர். அப்போது வெள்ளி, புதன், செவ்வாய், வியாழன் ஆகிய கோள்கள் புலப்பட்டதையும் அவர்கள் குறிப்பிட்டுள்ளனர். ஆனால், புவி என்றும் ஒரே வேகத்தில் சுழல்வதாகக் கொண்டு கணித்தால், அக்கிரகணம் பாபிலோனுக்கு ஏறத்தாழ 49 பாகை மேற்கே விழுந்திருக்க வேண்டும். புவி 15 பாகை சுழல ஒரு மணி நேரம் ஆகும். ஆகவே, கணக்குக்கும் காட்சிக்கும் இடையே மூன்றேகால் மணி நேர வேறுபாடு உள்ளது.

இன்றைய நொடியின் அளவு, 19ஆம் நூற்றாண்டின் நாள் நீளத்தை ஒட்டி அமைந்தது. அந்த நாளைவிடப் பாபிலோனியரின் நாள், நொடியில் முப்பதில் ஒரு பங்கு அளவே குறைவு. இக்குறைவு படிப்படியாக நீங்கியதால் சராசரியாக நாளொன்றுக்கு அறுபதில் ஒரு பங்கு நொடி எனக் கொள்ளலாம். இடைப்பட்ட நாள்களோ ஏறத்தாழ 7 இலட்சம். பெருக்கினால் 11,700 நொடியளவு வருகிறது. அதுவே மூன்றேகால் மணி நேரம். சிறுதுளி பெருவெள்ளம் என்பதற்கு வானம் காட்டும் சான்று இது.

இத்தகைய பதிவுகளை ஆராய்ந்து, நாளின் நீளம் நூற்றாண்டுக்கு ஏறத்தாழ 1.8 மில்லிநொடி கூடுவதாக அறிஞர் கண்டுள்ளனர். ஒரு மில்லிநொடி என்பது நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு.

தெரிந்து தெளிவோம்

சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய ஜான் வாரன், தென்னிந்தியக் காலக்கணிப்பு முறைகளைத் தொகுத்துக் ‘கால சங்கலித’ என்னும் நூலை 1825இல் வெளியிட்டார். எழுதுகோலின்றித் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாய்பாடுகளைக் கொண்டே சந்திர கிரகணத்தைக் கணித்த தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவரைப் பற்றி அவர் பதிவுசெய்துள்ளார்.

பவளம் காத்த நாட்குறிப்பு

மனிதர் எழுதத் தொடங்குமுன் நிகழ்ந்ததற்குப் பவள உயிரிகள் சான்றளிக்கின்றன. அவற்றின் ஓட்டில் நாள்தோறும் ஒரு நுண்கோடு படிகிறது. ஆண்டுதோறும் ஒரு பட்டை தோன்றுகிறது. ஏறத்தாழ 38 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட பவளப் புதைபடிவங்களை ஆராய்ந்த ஜான் வெல்ஸ், ஓர் ஆண்டுப் பட்டையில் ஏறத்தாழ 400 கோடுகள் இருப்பதை 1963இல் வெளியிட்டார். ஆண்டின் நீளம் குறிப்பிடத்தக்க அளவு மாறவில்லை; நாள்களே மிகுதியாக இருந்தன. எனவே, அன்றைய நாள் 22 மணி நேர அளவினதாகும்.

அணுக் கடிகாரமும் புவியும்

1967இல் நொடி என்னும் அளவு புவியின் சுழற்சியிலிருந்து விடுவிக்கப்பட்டுச் சீசியம் அணுவின் அதிர்வைக் கொண்டு வரையறுக்கப்பட்டது. இந்தியாவில் சீர்நேரத்தைப் பேணுவது புதுதில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம். பிறழாத அணுக் கடிகாரத்தோடு தளரும் புவியை ஒத்துப்போகச் செய்ய, 1972 முதல் 2016 வரை 27 முறை ஒரு நொடி கூட்டப்பட்டது. இதற்கு ‘லீப் நொடி’ என்று பெயர். இறுதியாகக் கூட்டப்பட்ட நொடி இந்தியாவில் 2017 சனவரி 1 அன்று காலை 5.30 மணிக்குச் சற்றுமுன் சேர்ந்தது.

இத்தளர்ச்சி என்றும் சீரானதன்று. புவியின் உட்கருவில் நிகழும் இயக்கங்களால் சில ஆண்டுகளில் சுழற்சி சற்று விரைவதும் உண்டு. 2020ஆம் ஆண்டு முதல் அத்தகைய விரைவு காணப்பட்டது. எனினும், நெடுங்காலப் போக்கு தளர்ச்சியே.

மனிதர் கையும் சேரும்போது

சுழன்றாடும் ஒருவர் மடக்கிய கைகளை விரித்தால் வேகம் குறையும். துருவப் பனி உருகி நீர் நிலநடுக்கோட்டை நோக்கிப் பரவும்போது புவிக்கும் அதுவே நேர்கிறது. 2000ஆம் ஆண்டுக்குப்பின் பனி உருகலும் நீர்ப் பரவலும் நாளை நூற்றாண்டுக்கு 1.3 மில்லிநொடி என்னும் வீதத்தில் நீட்டி வருவதாக 2024இல் வெளியான ஆய்வு கூறுகிறது. வெப்ப வளி உமிழ்வு கட்டுக்கடங்காது போனால், இந்நூற்றாண்டின் இறுதியில் நிலவின் விளைவையும் இது விஞ்சக்கூடும் என அவ்வாய்வு எச்சரிக்கிறது. கோடிக்கணக்கான ஆண்டுகளாக நிலவு செய்துவரும் பணியில் ஒரு சில தலைமுறை மனிதரின் செயலும் கலந்துவிட்டது.

பாபிலோனின் வானியலாளர், தாம் பொறித்த வரிகள் புவியின் வேகத்தை அளக்கப் பயன்படும் என்று அறிந்திரார். கண்டதைக் கண்டவாறு, நாளும் பொழுதும் பிழையாமல் எழுதிவைத்தனர், அவ்வளவே. அந்த நேர்மையே ஈராயிரம் ஆண்டுகளுக்குப்பின் அறிவியலாயிற்று. இன்று நாம் பதிந்துவைக்கும் மழையளவும் ஆற்றின் நீர்மட்டமும் நாளை எவ்வுண்மையை உணர்த்தும் என்பதை நாமும் அறியோம். பிழையின்றிப் பதிந்துவைப்பது நம் கடமை.

கற்பவை கற்றபின்

1. ஒரு மாதம் நாள்தோறும் ஒரே நேரத்தில் ஒரு குச்சியின் நிழலை அளந்து அட்டவணைப்படுத்துக. காணும் மாற்றத்திற்குக் காரணம் கூறுக.

2. நாழிகை, சாமம் முதலிய பழந்தமிழ்க் கால அளவுகளை உங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுத் தொகுக்க.

3. ‘பதிவுகளே அறிவியலின் வேர்’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.