சிலிண்டர் நிரம்பியதைச் சொல்வது மானி அல்ல, தராசு

மார்ச், ஏப்ரல் வெயிலில் ஏ.சி. பழுதுபார்ப்பவர்களுக்கு ஓய்வே கிடையாது. புதியதைப் பூட்டுவதும் பழையதைக் கழற்றுவதும் அந்நாட்களில்தான் அதிகம். கழற்றும்போது உள்ளே இருக்கும் கேஸைக் காற்றில் திறந்துவிடுவதே நெடுங்காலம் நம்மவர் வழக்கமாக இருந்தது. இப்போது பலர் ரிகவரி மெஷின் வாங்கி, அதனைச் சிலிண்டரில் இறக்கி எடுக்கிறார்கள். நல்ல காரியம், இலாபமும் உண்டு. இலங்கை 1989 ஆம் ஆண்டு மொன்றியல் உடன்படிக்கையில் இணைந்தது. வளர்முக நாடுகளுக்கான அட்டவணைப்படி ஆர்-22 அடங்கிய வகைக் கேஸ்களின் பாவனை 2025 இல் 67.5 வீதத்தாலும், 2030 இல் 97.5 வீதத்தாலும் குறைக்கப்பட வேண்டும். இறக்குமதி சுருங்கச் சுருங்க, பழைய ஏ.சி.யிலிருந்து எடுக்கும் கேஸுக்கு மதிப்பு ஏறத்தான் செய்யும்.

ஆனால் மெஷினுக்குப் பெருந்தொகை கொடுப்பவர்கள் ஒரு தராசு வாங்கத் தயங்குகிறார்கள். உதிரிப்பாகக் கடை நடத்துபவன் என்பதால் இதை அடிக்கடி காண்கிறேன். ஒருமுறை ஓர் இளைஞர் என்னிடம் கேட்டார்: "நானா, மானி நூற்றி அறுபதுதான் காட்டுது. சிலிண்டர் நானூறு தாங்கும் என்று அடிச்சிருக்கு. அப்ப இன்னும் பாதிக்கு மேல இடம் இருக்குத்தானே?"

கேட்டவர் கெட்டிக்கார வேலையாள். இருந்தும் கேள்வியிலேயே ஆபத்து இருக்கிறது. திரவமும் ஆவியும் சேர்ந்திருக்கும் சிலிண்டரில் அமுக்கத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலை மாத்திரமே. 30 பாகை செல்சியஸில் ஆர்-22 ஏறத்தாழ 158 பீ.எஸ்.ஐ. காட்டும். சிலிண்டரில் கால்வாசி இருந்தாலும் அதுதான், முக்கால்வாசி இருந்தாலும் அதுதான். வீட்டு அடுப்புக் கேஸை நினைத்துப் பாருங்கள். முடியப்போகும் நாள் வரை சுவாலை ஏறக்குறைய ஒரே மாதிரித்தான் எரியும். எவ்வளவு மிச்சம் என்று பார்க்கச் சிலிண்டரைத் தூக்கித்தானே பார்க்கிறோம்?

கொள்ளளவில் 80 வீதத்துக்கு மேல் திரவம் நிரப்பக்கூடாது என்பது விதி. மீதி 20 வீதம் வீணான இடமல்ல. சூடேறினால் திரவம் விரியும். 25 பாகையில் 80 வீதம் நிரப்பிய ஆர்-22, 55 பாகையில் சுமார் 90 வீத இடத்தைப் பிடித்துக்கொள்ளும். நிழலில் வாய்வரை நிரப்பிய சிலிண்டரை மதிய வெயிலில் லொறியில் ஏற்றினால், விரியும் திரவத்துக்குப் போக இடமில்லை. திரவத்தை நசுக்கவும் முடியாது. வெப்பம் சில பாகை கூடினாலே அமுக்கம் எகிறிவிடும். பாதுகாப்பு வால்வு திறந்தால் கேஸோடு போகும். அது துருப்பிடித்து இறுகியிருந்தால் சிலிண்டரே வெடிக்கும்.

ஆகவே கணக்கு நிறையில்தான். சிலிண்டரின் கழுத்தில் இரண்டு இலக்கங்கள் அடித்திருக்கும். டபிள்யூ.சி. என்பது அது கொள்ளும் தண்ணீரின் நிறை. ரீ.டபிள்யூ. என்பது வெறும் சிலிண்டரின் நிறை. தண்ணீர் நிறையை 0.8 ஆலும், பின்னர் அந்தக் கேஸின் அடர்த்தி எண்ணாலும் பெருக்கி, வெறும் நிறையைக் கூட்டுங்கள். தராசில் அதற்கு மேல் போகக்கூடாது.

தண்ணீர் நிறை 12 கிலோ, வெறும் நிறை 8 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஆர்-22 இன் எண் 1.19, ஆகவே 11.4 கிலோ கேஸ், தராசில் 19.4. ஆர்-410ஏ என்றால் எண் 1.06; கேஸ் 10.1 கிலோ, தராசில் 18.1. ஆர்-32 இற்கு எண் 0.96; கேஸ் 9.2, தராசில் 17.2. ஒரே அளவுச் சிலிண்டரில் இரண்டு கிலோவுக்கு மேல் வித்தியாசம்! ஆர்-22 பழக்கத்தில் கையால் தூக்கி மதிப்பிடுபவர் ஆர்-32 இல் நிச்சயம் மிதமிஞ்சி நிரப்பிவிடுவார். அமெரிக்கச் சிலிண்டர்களில் இந்த இலக்கங்கள் இறாத்தலில் இருக்கும். 2.2 ஆல் வகுத்துக் கிலோவாக்கிய பின்பே கணக்கைத் தொடங்குங்கள். சில சிலிண்டர்களில் 80 வீதத்தில் மெஷினை நிறுத்தும் மிதவை உண்டு. அது இருந்தாலும் தராசை அகற்ற வேண்டாம், மிதவை சிக்கிக்கொள்ளும்.

புதுக் கேஸ் வரும், ஒருமுறை மட்டும் பாவிக்கும் மெல்லிய சிலிண்டர் காலியானதும், அதன் வால்வை மாற்றி ரிகவரிக்குப் பாவிப்பதை நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன். அதன் தகடு அதற்காகச் செய்யப்பட்டதல்ல. மறுபடி நிரப்பாதே என்று அதிலேயே அச்சிட்டிருக்கும். ஆர்-410ஏ இற்கு 400 பீ.எஸ்.ஐ. தரச் சிலிண்டரே வேண்டும். பழைய 350 தரம் கூடாது. ஆர்-32 மெதுவாகவேனும் தீப்பற்றும். புது பிரிட்ஜ்களில் வரும் ஆர்-600ஏ நன்றாகவே எரியும். இவற்றுக்கெனத் தரப்பட்ட மெஷினும் சிலிண்டரும் இல்லையேல் தொடாதீர்கள்.

கொண்டு போகும்போது நிமிர்த்திக் கட்டுங்கள், வால்வுக்கு மூடி போடுங்கள். காரின் டிக்கி உதவாது. கசிந்த கேஸ் காற்றைவிடப் பாரமானது, மூடிய இடத்தில் மூச்சை அடைத்துவிடும். 52 பாகைக்கு மேல் சூடாக விடவே கூடாது. கேஸ் வெளியே வரச் சுணங்கினால் டோர்ச் பிடிக்கும் வேலை வேண்டவே வேண்டாம். ஆர்-22 திரவம் மைனஸ் 40 பாகையில் கொதிப்பது. தோலில் பட்டால் உறைந்து புண்ணாகும், எனவே கையுறையும் கண்ணாடியும் அவசியம்.

மானிக்கும் ஒரு வேலை உண்டு. சிலிண்டரை ஓரிரவு நிழலில் வைத்து, அறை வெப்பநிலைக்குரிய அமுக்கத்தை அட்டவணையோடு ஒப்பிடுங்கள். குறிப்பிடத்தக்க அளவு கூடினால் உள்ளே காற்றோ வேறு கேஸோ கலந்திருக்கிறது. கலந்ததைப் பிரிப்பது நம் கடைகளில் முடியாத காரியம், அதற்கு விலையும் கிடையாது. எனவே கேஸ் ஒன்றுக்கு ஒரு சிலிண்டர். ஒவ்வொன்றிலும் கேஸின் பெயர், உள்ளிருக்கும் கிலோ, இறக்கிய திகதி எழுதிய துண்டு தொங்கட்டும். வாங்க வருபவர் முதலில் பார்ப்பது அந்தத் துண்டைத்தான்.