உறுமுவது ஸ்பீக்கரா, பெட்டியா?

இளையாத்தங்குடியில் எங்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்த வாரமே ஒரு தொல்லையும் வந்தது. வளவை ஒட்டிய அறையில், பழைய தேக்குப் பெட்டகத்தின் மேல் 2.1 ஸ்பீக்கர்களை வைத்திருந்தோம். பாட்டில் தவில் வரும்போதெல்லாம் 'கொர்ர்' என்று ஓர் உறுமல். பார்க்க வந்த மெக்கானிக், ஸ்பீக்கர் போய்விட்டது, புதிது வாங்குங்கள் என்றார். "பெட்டகத்துக்குள்ளதான்டா என்னமோ உறுமுது" என்றார் அப்பத்தா. அவர் சொன்னதே சரி.

ஸ்பீக்கரின் கூம்பு முன்னும் பின்னும் அசைந்து காற்றைத் தள்ளுகிறது. அதே விசை எதிர்த்திசையில் பெட்டியையும் உதைக்கிறது. உள்ளே அடைபட்ட காற்றும் பலகைகளை அழுத்துகிறது. ஒவ்வொரு பலகைக்கும் சொந்த அதிர்வெண் உண்டு. பாட்டில் அந்தச் சுரம் வந்ததும் பலகையும் சேர்ந்து பாடும். பரப்பு பெரியது என்பதால் கண்ணுக்குத் தெரியாத அசைவே காதுக்குக் கேட்டுவிடும். வீணைக்குக் குடம் அதிர வேண்டும். ஸ்பீக்கருக்குப் பெட்டி அதிரக் கூடாது.

கண்டுபிடிப்பது எளிது. ஆடாசிட்டி என்ற இலவச சாஃப்ட்வேரில் ஜெனரேட் மெனு சென்று சர்ப் என்பதைக் கிளிக் செய்யுங்கள். தொடக்கம் 40 ஹெர்ட்ஸ், முடிவு 400 ஹெர்ட்ஸ், நேரம் 30 விநாடி எனக் கொடுத்து, வால்யூமைக் குறைத்து ஓடவிடுங்கள். உறுமல் கேட்கும்போது ஸ்பீக்கரைக் கையில் தூக்குங்கள். நின்றுவிட்டால் கோளாறு மேசையில். நிற்காவிட்டால் பக்கப் பலகையை உள்ளங்கையால் அழுத்துங்கள். குறைந்தால் பெட்டிதான். இரண்டுக்கும் மசியாவிட்டால் மட்டும் கூம்பைச் சந்தேகப்படுங்கள்.

எங்கள் சப்வூஃபரை ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில், ரப்பர் மிதியடித் துண்டின் மேல் இறக்கி வைத்தோம். உறுமல் போயிற்று. செலவு ஒன்றுமில்லை.

பெட்டியே அதிர்ந்தால் முதலில் தளர்ந்த திருகுகளை முடுக்குங்கள். அளவுக்கு மீறி முடுக்கினால் எம்.டி.எஃப். பலகையில் மரை தேய்ந்துவிடும். பலகை தடிமனாக இருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். தடித்த பலகை அதிர்வை உயர்ந்த சுரத்துக்கு, காது கூர்மையாக உணரும் பக்கம் தள்ளுகிறது. 1970களில் பிபிசி இன்ஜினியர்கள் எல்.எஸ்.3/5ஏ ஸ்பீக்கரை மெல்லிய பிளைவுட்டில் செய்து, உட்புறம் தார்க்கலவைத் தகடு ஒட்டினார்கள். தகடு அதிர்வை வெப்பமாக்கி விழுங்கிவிடும். கார்க் கதவுக்குள் ஒட்டுவதும் இதே வகைத் தகடுதான்; கார் உதிரிபாகக் கடைகளில் கேளுங்கள்.

வாரண்டி முடிந்த சிறிய ஸ்பீக்கர்களில் மட்டும் இதைச் செய்யுங்கள். சப்வூஃபருக்குள் மின்சாரம் பாயும் ஆம்ப்ளிஃபயர் இருக்கும், திறக்க வேண்டாம். அதன் காற்றுத் துளையைத் துணியால் அடைப்பதும் வேண்டாம்.